ராஜபாளையத்தில் ஒரு குட்டி அலாரம்

ராஜபாளையம் என்றதும் சிலருக்கு நூல் மில்கள் ஞாபகம் வரும். சிலருக்கு, 1949 முதல் 1952 வரை அன்றைய சென்னையின் முதல்வராக இருந்த குமாரசாமி ராஜா நினைவுக்கு வருவார். பலருக்கு, வெள்ளை வெளேரென்ற உடம்பும் ரோஜா நிற மூக்குமாக நிற்கும் வேட்டை நாய்தான்! 2005-ல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்காக நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது, அதில் ஒன்று ராஜபாளையத்து நாய்க்குக் கிடைத்தது.

எனக்கு மட்டும் இனி ராஜபாளையம் என்றால் விடியற்காலை 4 மணிதான்!

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதுமே ஜன்னலோடு கூடவே மேற்குத் தொடர்ச்சி மலை ஓடி வருகிறது. போன மார்கழியில், அக்கா மகள் பிரசவித்து 40 நாள் ஆகியிருந்த சமயம், ஒத்தாசைக்கென்று போய் மூன்று வாரம் தங்கினேன். போய் இறங்கியதும் அக்கா சொன்ன முதல் சேதி, "இந்த வீட்டுல ராத்திரி தூக்கம்கிறதே இல்லடீ!" என்பதுதான்.

குழந்தை அழுகிறது என்றுதான் நினைத்தேன். குழந்தை சமர்த்து! 3 மணிக்குப் பால் குடித்துவிட்டு அப்போதுதான் கண்ணயரும். 4 மணி அடிக்குமோ இல்லையோ, கொல்லைப்புறத்தில் கட்டியிருந்த இரண்டு மாதக் குட்டி வெள்ளையன் ஆரம்பித்துவிடுவான். முதலில் முனகல், அப்புறம் குலைப்பு, அப்புறம் ஊளை. குழந்தை வீல் என்று விழித்துக்கொள்ளும். பெற்ற பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒழுங்கான தூக்கமில்லாமல் எதற்கெடுத்தாலும் கண் கலங்கினாள். அத்தானோ, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வாங்கின இடத்துலயே கொண்டு விட்டுருவேன்" என்று கெடு வைத்துவிட்டார்.

முதல் இரண்டு நாளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் மாதிரி கொல்லைப் படியில் உட்கார்ந்து கவனித்தேன். மார்கழி மாதத்து ராஜபாளையம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது தெரியுமோ! 4 மணி சுமாருக்கு மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் ஹாரன். அடுத்துப் பால்காரரின் மணி. 4.30-க்கு கோவில் ஒலிபெருக்கி. 5 மணிக்குள் தெருவெல்லாம் வாசல் தெளிக்கும் சத்தம். ஊர் உறங்குகிறவர்களை எழுப்பத் திருப்பாவை பாடிய ஆண்டாள் பிறந்த இடம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே சீக்கிரம் எழுப்புகிறாயே என்று யாரைக் கோபித்துக்கொள்வது?

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். வேன் வருவதற்கு முன்பே குட்டி எழுந்து, கட்டின இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவிழ்த்து விட்டதும் ஓடிப்போய்ச் சிறுநீர் கழித்தது. அதற்குப் பிறகுதான் ஊர்ச் சத்தம் அதைத் தூங்கவிடாமல் செய்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் முப்பது வருஷமாக இந்த ஜாதி நாய் வளர்த்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "குட்டிக்குக் காது கேக்குதா?" என்பது. எனக்குத் திக்கென்றது. முழு வெள்ளையாகப் பிறக்கும் இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டாம். அவரே வந்து, குட்டியின் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று, தரை அதிராமல் இரண்டு தட்டுகளைத் தட்டினார். வெள்ளையன் சட்டென்று திரும்பிப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. "சத்தத்துக்கு முழிக்கிற குட்டி கெடைச்சிருக்கு. அதுக்குச் சந்தோஷப்படாம திருப்பிக் குடுக்கப் போறேங்கிறீங்களே!" என்று அத்தானைப் பார்த்துச் சிரித்தார். அத்தான் பதில் பேசவில்லை. கெடு மட்டும் பொங்கல் வரைக்கும் நீண்டது!

தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவரிடம் போனபோது எல்லாவற்றையும் கேட்டேன். இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது என்றார். அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, ராத்திரி 9.30-க்குப் பால் சோறு வைப்பார்கள். நடுஇரவிலும் விடியற்காலையிலும் வயிறு உபத்திரவம் கொடுக்காமல் என்ன செய்யும்? அதோடு தாயையும் கூடப் பிறந்ததுகளையும் பிரிந்து வந்து ஒரு வாரம். பனியில், இருட்டில், தன்னந்தனியாக வேறு!

அவர் சொன்னபடி செய்தது இதுதான்:

சாயங்காலம் 6.30-க்கே கடைசிச் சாப்பாடு. பாலைக் குறைத்து, குழைந்த சோறும் வெந்த முட்டையும், குட்டிகளுக்கான தீவனமும். பசும்பால் அதிகமானால் பல குட்டிகளுக்கு வயிறு போகும். பகல் முழுக்கத் தண்ணீர் தாராளம். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும் கிண்ணத்தை எடுத்துவிடுவது. 10.30-க்குக் கொல்லைக்குக் கொண்டு போய் விடுவது.

படுக்கையை வீட்டுக்குள் நடைக்கு மாற்றினோம். கோணிச் சாக்கின் மேல் பழைய நூல் புடவை, ஜன்னலுக்குக் கனத்த போர்வை. பக்கத்தில் அத்தானின் கட்டில். மனிதர் மூச்சு பக்கத்தில் கேட்டதால் ஊளை அன்றைக்கே நின்றது.

4 மணிக்கு முனகினால் காக்க வைக்காமல் தூக்கிக்கொண்டு போவேன். விளக்குப் போடுவதில்லை, கொஞ்சுவதில்லை, பேசுவதில்லை. காரியம் முடிந்ததும் திரும்பப் படுக்கை. சாப்பாடும் விளையாட்டும் 6 மணிக்குத்தான். எழுந்த கையோடு தீனி கிடைத்தால், நாளைக்கு இன்னும் கால் மணி முன்னதாக எழுந்திருக்கும் என்றார் மருத்துவர். காரியம் முடிந்த பிறகும் சிணுங்கினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் மூன்று நாள் இதுதான் கஷ்டமாக இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்!

நான்காம் நாளிலிருந்து சிணுங்கல் குறைந்தது. இரண்டு நாளைக்கொரு தரம் பத்துப் பத்து நிமிஷமாகத் தள்ளிப் போயிற்று. நான் ஊருக்குக் கிளம்பும்போது 5.15. அந்த ஊரில் அது தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும்! அக்கா மகள் 3 மணிப் பாலுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினாள். அவள் முகத்தில் களை திரும்பியது. அத்தானோ, ராத்திரி கட்டிலிலிருந்து ஒரு கையைத் தொங்கவிட்டுத் தூங்குகிறார். விரல் நுனியில் வெள்ளையனின் தலை!

6 மணிக்கு மேல் அவனைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவேன். தடுப்பூசிகள் முடிகிற வரைக்கும், நான்கு மாதம் வரையில், தெரு மண்ணில் இறக்கிவிடக் கூடாது. உயிரைக் குடிக்கும் பார்வோ நோய் தொற்றிவிடும். அதனால் அவனுக்கு நானே பல்லக்கு! பூசணிப்பூ வைத்த கோலங்களைத் தாண்டித் தெருமுனைக்குப் போனால், ஊர் இன்னும் மங்கலாகவே இருக்கும். மேற்கே மலை உச்சியில் மட்டும் முதல் வெயில் பட்டுச் செம்பு மாதிரி ஜொலிக்கும். அந்த வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கி அடிவாரத் தென்னைகளுக்கு வரும். வாடைக் காற்றில் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தபடி வெள்ளையனும் பார்ப்பான்.

அங்கே போகிறவர்கள் அய்யனார் அருவியையும் பாருங்கள். காட்டுப் பகுதியாதலால் அனுமதி உண்டா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்து, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை மறக்காமல் வாங்குங்கள்.

கைக்குழந்தையும் நாய்க்குட்டியும் சேர்ந்திருக்கும் வீட்டுத் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. எவ்வளவு சாதுவானாலும் இரண்டையும் தனியாக விடாதீர்கள். குட்டிக்குப் பூச்சி மருந்தைக் காலம் தவறாமல் கொடுங்கள். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று இரவில் அடிக்கடி எழுந்தாலோ, வயிறு போனாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை அழுதால் பசியா, ஈரமா, வயிற்று வலியா என்றுதானே பார்க்கிறோம்? வாயில்லா ஜீவனுக்கும் அதே கணக்குத்தான்.