வயிறு சொல்வது

நம் விமர்சனத்தில் மனம் என்ற சொல் மலிந்துவிட்டது. கவிதை பிறப்பது மனத்தில், போய்ச் சேர்வதும் மனத்தில். நடுவில் ஓர் உடம்பு இருப்பதாகவே தெரியவில்லை. தெருவில் பேசும் தமிழ் அப்படியில்லை. பயம் வயிற்றைக் கலக்குகிறது. கெட்ட செய்தி வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பொறாமைக்கு வயிற்றெரிச்சல் என்றே பெயர்.

இவற்றை வெறும் உருவகம் என்று ஒதுக்குவதற்கில்லை. முகுளத்தில் கிளம்பும் வேகஸ் நரம்பு கழுத்து, மார்பு வழியாக இறங்கி இரைப்பைக்கும் குடலுக்கும் கிளைவிடுகிறது. சோற்றைப் பார்த்த மாத்திரத்தில் அமிலம் சுரக்கச் சொல்வது இதுதான். ஆனால் இதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவிகிதம் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மூளை சொல்வதைவிட வயிறு சொல்வது அதிகம். திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் வங்கியில் கணக்கு டாலி ஆகாத சாயங்காலங்களில் அதை முதலில் அறிவது என் வயிறுதான்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராத்திரி ஷிப்ட், டீ, பீடி, வேளை கெட்ட சாப்பாடு. எண்பதுகளில் அல்சர் ஆபரேஷன் ஆயிற்று. டியோடினல் அல்சருக்கு அன்று இங்கே பரவலாகச் செய்தது வேகஸை வெட்டுவது; 1943இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் தொடங்கிவைத்த முறை. வெட்டினால் அமிலம் குறையும். ஆனால் இரைப்பை உணவைக் கீழே தள்ளாமல் தேக்கிக்கொள்ளும். அதனால் அதில் புதுவாசல் திறந்து சிறுகுடலோடு சேர்த்துத் தைப்பார்கள். அப்பாவுக்கு வலி போயிற்று. பசியும் போயிற்று. "மணி பாத்துத்தான்டா சாப்பிடறேன்" என்பார்.

குடல் நிற்கவில்லை. லண்டனில் 1899இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள். உள்ளே வைத்த உருண்டைக்குப் பின்னால் குடல் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அதை நகர்த்தியது. குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்பணுக்களின் வலை இருக்கிறது. ஜீரணத்துக்கு மூளையின் தயவு அவ்வளவாக வேண்டாம்.

பெரும்பாலான அல்சருக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்பதை வாரனும் மார்ஷலும் 1982 முதல் நிறுவினார்கள். 2005இல் நோபல் பரிசு. இப்போது மாத்திரை போதும். வெட்டிய நரம்போடு அப்பா சாகும்வரை மணி பார்த்துச் சாப்பிட்டார்.

பசியைக் கோஷமாக்கிய கவிதைகளுக்கும் வயிறு கிடையாது. பசி அங்கே ஒரு கருத்து. அகவுலகம் பேசும் நம் கவிதைகளிலும் பல இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எழுதியவை போலிருக்கின்றன. சொற்கள் சீராக நகர்கின்றன. ஜீரணமும் ஆகிறது. கீழிருந்து வரவேண்டிய சேதிதான் வரவில்லை.