பழைய புல்லட்டுக்கு எந்த ஆயில்?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் அவர். அப்பா விட்டுப்போன 1980-களின் புல்லட்டில்தான் இன்றும் ஷிப்ட்டுக்குப் போகிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகன், ஊருக்கு வரும்போது ஃபுல் சிந்தெடிக் ஆயில் டப்பா வாங்கிவந்தான். 5டபிள்யூ-30. "காஸ்ட்லி ஆயில் நைனா, வண்டி பட்டு மாதிரி ஓடும்!" மெக்கானிக் பாய் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "நல்ல ஆயில்தான் தம்பி. இந்த வண்டிக்கு ஆகாது."

பாய் பார்த்தது விலையை அல்ல, எண்ணை. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது, குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்வது. காஷ்மீர்க்காரர் கவலைப்படட்டும். மே மாதத்தில் 40 டிகிரியை அசால்ட்டாகத் தாண்டும் வேலூர் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எண்தான் முக்கியம். சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

திருவொற்றியூரில் தயாரான அந்தக் கால வார்ப்பிரும்பு இன்ஜினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். தேய்ந்தால் இன்னும் அதிகம். அதற்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்தான் சரி. மெல்லிய ஆயில் ஊற்றினால், வண்டி நிற்கும்போது டேங்கிலிருந்து சீக்கிரமே இறங்கி கிராங்க் கேஸில் தேங்கிவிடும். காலையில் கிக்கரை உதைத்தால் தெருவெல்லாம் புகை!

'சிந்தெடிக் ஊற்றினால் சீல் போய்விடும்' என்ற பயமும் உண்டு. ஆரம்பகால சிந்தெடிக் சிலவற்றில் அந்தப் பிரச்னை இருந்தது. இப்போது வருபவை சீலைக் கெடுப்பதில்லை; ஏற்கெனவே வெடித்த சீலை அடைத்துக்கொண்டிருந்த பிசுக்கைக் கழுவிவிடுகின்றன. ஒழுகல் அப்போதுதான் கண்ணில் படும். பழி ஆயில் மேல்.

சிந்தெடிக்கின் பெரிய பலமே அதிக கிலோமீட்டர் தாங்குவது. பழைய புல்லட்டில் அது வீண். அதன் ஃபில்டர் சின்னது. கரியும் இரும்புத்தூளும் ஆயிலிலேயே சுற்றும். எந்த ஆயிலாக இருந்தாலும் சீக்கிரம் வடித்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு, சாதாரண மினரல் ஆயிலைத் தவறாமல் மாற்றுவதே லாபம். இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை பார்த்த வண்டி என்றால், அதே 50 எண் உள்ள சிந்தெடிக்கைத் தாராளமாக ஊற்றலாம்.

இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில் ஓடும் மற்ற பைக்குகளுக்கு, டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்று இருக்கிறதா பாருங்கள். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், கேனில் பிடித்து மெக்கானிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். தோல் கழிவுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் பாலாறு பட்டது போதும்.