பென்சிலும் எந்தையார் எழுத்தும்

உலகத்திலே பெரும்பொருள்களைக் குறித்து எழுதுவார் பலர். சிறுபொருள்களைக் குறித்து எழுதுவார் சிலரே. ஆயினும், நாள்தோறும் கைக்குப் பழகிய சிறுபொருளொன்று சிலவேளை நம் வாழ்க்கையிற் பெருங்காரியம் செய்துவிடுகின்றது. இளமையில் முதன்முதல் நம் விரல்களிற் பொருந்தி, பேனா வந்தவுடனே நன்றியின்றிக் கைவிடப்படும் பென்சில் அத்தகையதொன்றாம். அதனைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். நகைப்பார் நகைக்க, காரணத்தை அறிந்தபின் நண்பர்கள் எம்மைப் பொறுப்பர் என்னும் துணிவுடையோம்.

எமது இல்லம் காரைக்காலைச் சார்ந்த கோவில்பத்தில் உள்ளது. தேவாரத்துள் திருத்தெளிச்சேரி என வழங்கப்பெறும் தலம் இதுவே. எந்தையார் தமிழாசிரியராய் இருந்தவர். யாம் ஐந்து வயதினராய் இருந்தபோது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் எமக்கு விட்டுச்சென்ற செல்வம் ஓர் அலமாரி நூல்கள். அவற்றுள் ஓர் இலக்கண உரைநூலின் ஓரங்களெல்லாம் அவர்தம் பென்சிற் குறிப்புக்களால் நிறைந்திருந்தன. ஏழாம் வயதில், பள்ளிக்கென வாங்கிய புதிய ரப்பரின் திறத்தைக் காணும் ஆவலால், அந்நூலைத் தூய்மை செய்யப் புகுந்தோம். அட்டையின் உட்புறத்தையும் பதினொரு தாள்களையும் செவ்வையாகத் தேய்த்து, அன்னையாரிடம் பெருமிதத்தோடு கொண்டுபோய்க் காட்டினோம். அவர் எம்மை வையவில்லை. நெடுநேரம் நூலைக் கையில் வைத்திருந்து, “இது உங்கள் அப்பா எழுத்து, தம்பி,” என்று மட்டும் சொன்னார். செய்தது இன்னதென்பது எமக்கு விளங்கப் பல்லாண்டு சென்றது.

கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தபின் அந்நூல் எமக்கு வேண்டுவதாயிற்று. சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, மேலைச் சாளரத்தருகே அதனை விரித்திருந்தோம். சாய்ந்த வெயில் தாளின்மீது படர்ந்தபோது, வெறுமையான ஓரத்தில் ‘ழ’கரம் ஒன்று பள்ளமாய்த் தோன்றிற்று. உடல் சிலிர்த்தது. அடுத்த தாளைத் திருப்பினோம்; அங்கும் சில எழுத்துக்கள் புலப்பட்டன. வேறு தாள்களிலோ சாம்பற்பூச்சன்றி ஒன்றும் இல்லை. ஒருவர் கையால் எழுதியவை. ஒரே ரப்பரால் அழிந்தவை. சில எஞ்சவும் சில மாயவும் காரணம் யாது? இவ்வினாவே எம்மைப் பென்சிலின் இயல்பை ஆராயத் தூண்டிற்று.

பென்சிலின் உள்ளிருப்பதைக் காரீயம் என்று இன்றும் பலர் வழங்குவர். அதில் ஈயம் அணுவளவும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் மலைப்பகுதியில் கரிய கனிப்பொருள் ஒன்று கிடைத்தது. ஈயத்தின் ஒருவகை என அதனை மயங்கினர். அது கரியே என்று 1779-இல் ஷீலே என்னும் வேதியியலறிஞர் மெய்ப்பித்தார். ‘எழுதுதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று 1789-இல் வெர்னர் என்பார் அதற்குக் கிராபைட் எனப் பெயரிட்டார். வைரமும் கிராபைட்டும் ஒரே கரியின் இரு வடிவங்கள். கிராபைட்டில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்குக்கும் அடுக்குக்கும் பிணிப்பு மெல்லியது. ஆதலின் தாளில் உரசியவுடன் ஏடேடாகக் கழன்று படிகின்றது. அப்படிவை வெயில் வெளிறச் செய்யாது, நீர் கரைக்காது, தேய்ப்பே அதற்குப் பகை. அப்பகையும் நம் கையிலேயே உள்ளது. பென்சில் எழுத்தை ரப்பர் அழிக்கவல்லது என்பதை 1770-இல் எழுதிவைத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் போதகர். அதற்கு முன்னர் ரொட்டித்துண்டாலேயே துடைத்து வந்தனர்.

இனி, இன்றைய பென்சில் ஒரு போரின் பயனாகப் பிறந்ததாகும். 1793-இல் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. நற்கிராபைட் ஆங்கிலேயர் வசமிருந்தமையால் பிரான்சில் பென்சிலுக்குப் பஞ்சம் நேர்ந்தது. அப்போது கோந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர், கிராபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சிகளாக்கிச் சூளையிற் சுடும் முறையைக் கண்டு, 1795-இல் அதற்கு உரிமை பெற்றார். அதே போரில், 1793-ஆம் ஆண்டிலேயே, புதுவை ஆங்கிலேயர் கைப்பட்டது. 1739 முதற் பிரெஞ்சுத் தொடர்புடையதாய், 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று இந்தியாவோடு இணைந்த எம் காரைக்காலில் இருந்துகொண்டு இதனை நினைக்குங்கால், எம்மூரார் நாட்களை அலைக்கழித்த போரே எம் கைப் பென்சிலையும் ஆக்கியது என்று வியப்புறுகின்றோம்.

கோந்தேயின் முறையிலேதான் எமது வினாவுக்கு விடையும் இருந்தது. களிமண் மிகுமாயின் குச்சி கடினமாகிக் கோடு வெளிறும். கிராபைட் மிகுமாயின் மென்மையாகிக் கோடு கருக்கும். கடினத்திற்கு எச். என்றும் கருமைக்குப் பி. என்றும் குறியிட்டு, இடைப்பட்டதை எச்.பி. என்பர். எண் ஏற ஏற அவ்வியல்பும் ஏறும். சுட்ட குச்சியை மெழுகில் ஊறவைத்தலால் வழுவழுப்பு உண்டாகின்றது. பள்ளங்கீறிய பலகையிற் குச்சிகளை வரிசையாக இட்டு, அதன்மேல் மற்றொரு பலகையை ஒட்டி, பின் தனித்தனியே அறுப்பர். குச்சி நடுவே அமையாதாயின் எத்துணை நல்ல பென்சிலும் சீவுந்தோறும் முறியும்.

மரத்தின் தன்மையும் எழுத்தின் தன்மையோடு இயைந்தது. அமெரிக்க நாட்டு நறுமண மரமொன்று பென்சிலுக்கு மிகச் சிறந்ததென்பர். அதனைச் சீடர் என்று வழங்குவர். சாலமோன் தேவாலயத்திற்குக் கொணர்ந்த லீபனோனின் கேதுருவே இது என்று யாம் சிறுவயதிற் களித்ததுண்டு. பெயர் ஒன்றாயினும் மரம் வேறு என்று பின்னரே அறிந்தோம். நம் நாட்டுப் பென்சில்களுக்கோ காசுமீரத்துப் புல்வாமா மாவட்டத்திலிருந்து பாப்லர் மரப்பலகைகள் வருகின்றன. கிராபைட், கடலுக்கப்பால் இலங்கையிற் போகலை முதலிய சுரங்கங்களிலும், தமிழ்நாட்டிற் சிவகங்கைப் பகுதியிலும் கிடைக்கின்றது.

இவற்றை அறிந்தபின் யாமே ஒரு சோதனை செய்யத் துணிந்தோம். கடைவீதியில் நடராஜ் 621, அப்சரா பிளாட்டினம் ஆகிய இரண்டையும் வாங்கினோம். ஓவியம் பயிலும் நண்பரொருவர், 1905-இல் தோன்றிய பேபர்-காஸ்டல் 9000 என்னும் ஜெர்மானியப் பச்சைப் பென்சிலை 2எச்., எச்.பி., 4பி. என்னும் மூன்று தரத்திலும், 1958-இல் தோன்றிய யூனி என்னும் ஜப்பானியப் பென்சிலை எச்.பி. தரத்திலும் அளித்தார். அட்டையிழந்த பழைய நூலொன்றன் வெற்றுத்தாள்களில் ஒரே வாக்கியத்தை ஒவ்வொன்றாலும் எழுதி, ஒருநாள் விட்டு ரப்பரால் அழித்து, மாலை வெயிலிற் சாய்த்துப் பார்த்தோம்.

எழுதுங்கால் நடராஜ் தாளின் இயல்பை விரலுக்கு உணர்த்திச் சென்றது. அதன் முனை நெடுநேரம் நின்றது. அப்சரா சிறு அழுத்தத்திலேயே நற்கருமை தந்தது. யூனி நீரில் ஓடம் செல்வதுபோல் ஓசையின்றிச் சென்றது, அதன் எச்.பி., ஜெர்மானிய எச்.பி.யினும் சற்றே கருத்திருந்தது. ஒரே குறியாயினும் அளவு செய்வோர்தோறும் வேறுபடும் என்று கண்டோம். 9000 எச்.பி. மெல்லிய, ஒருதன்மையான கோடு தந்தது. நுண்ணெழுத்துக்கு இதுவே ஏற்றது என்பது எம் கருத்து. கடற்கரை ஊராதலின் எம்மிடத்துத் தாள்கள் ஈரக்காற்றிற் பதங்கொண்டிருக்கும், அவற்றில் 2எச். ஆழ உழுதது; 4பி. வழுக்கிப் பரந்தது.

அழித்தபின் கண்டதே முதன்மையானது. 4பி. எழுத்து கருமையாற் கண்ணைக் கவர்ந்திருந்தும், அழித்தபோது வெறும் சாம்பற்பூச்சாயிற்று. எச்.பி. எழுத்துக்கள் கை அழுந்திய இடங்களில் மட்டும் சுவடு காட்டின. எழுதியபோது வெளிறி, எளியதாய்த் தோன்றிய 2எச். எழுத்தோ, கரி முழுதும் நீங்கியும், உழுத சால்போலத் தாளிற் படிந்திருந்தது.

அன்று முதற் பத்து மாலைகள் அந்நூலோடு இருந்தோம். அன்னையார் விளக்கைச் சாய்த்துப் பிடிக்க, யாம் ஒவ்வோரெழுத்தாகப் படித்தோம். இலக்கணக் குறிப்புக்களையெல்லாம் எந்தையார் கடினப் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தார். அவற்றிற் பெரும்பகுதி மீண்டன. குற்றியலுகரத்திற்கு ஆறு, கயிறு, நண்டு, கொக்கு என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் மாணாக்கர் உழவர் மக்களும் மீனவர் மக்களும் ஆவர். நூலிலுள்ள உதாரணங்களை விடுத்து, அப்பிள்ளைகள் வழியிற் காணும் பொருள்களையே தேர்ந்தெடுத்த ஆசிரியரை அன்றே யாம் முதன்முதற் கண்டோம்.

அட்டையின் உட்புறத்தில் மென்பென்சிலால் எழுதப்பெற்றிருந்த மூன்று வரிகள் மட்டும் மீளவில்லை. அவை இலக்கணமல்ல என்பது திண்ணம். ஒரு தேதியின் சாயல் மாத்திரம் தெரிகின்றது. என்ன எழுதியிருந்தார் என்று அன்னையாரை வினவினோம். “நான் படிக்கவில்லை, தம்பி. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இருந்துவிட்டேன்,” என்றார்.

மீண்ட குறிப்புக்களைப் புதிய குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டோம். பென்சிலாலேயே எழுதினோம், கருமையும் உறுதியும் ஒத்த எச்.பி.யைக் கொண்டு, எந்தையாரைப் போலவே சற்று அழுத்தி எழுதினோம். அவ்வட்டையின்மீது மெல்லிய தாள் ஒன்றை இட்டு வைத்துள்ளோம். எம் வீட்டில் இனி எவரும் அதனைத் தேய்க்கமாட்டார்.

பென்சில்களுட் சிறந்தது யாது என நண்பர்கள் கேட்பாராயின், ஓவியத்திற்கு மென்மையானதும், விரைந்தெழுத வழுவழுப்பானதும், நிலைக்கவேண்டியதற்குக் கடினமானதும் சிறந்தன என்போம். அவர்தம் இல்லத்து அலமாரியிலும் ஒரு முதியவரின் பென்சிற் குறிப்பு இருக்கக்கூடும். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அதனை விட்டுவைக்கவேண்டா. இவ்விடுமுறையிலேயே எடுத்துப் படித்துவிடுக.