நடுத்தடம்

ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன். கல்லூரி விட்டு வரும் வழியில் நேரு வீதியில் கேட்டால், "நாளைக்கு வந்துடும் சார்" என்கிறார் கடைக்காரர். ஹோம் தியேட்டர் ரிசீவர் இன்னும் புதுச்சேரி வந்து சேரவில்லை.

அம்மாவுக்காகத்தான் வாங்குகிறேன். பார்வை மங்கிய பின் திரைப்படம் என்பது அவருக்கு வசனம் மட்டுமே. தொலைக்காட்சியின் இரு ஒலிபெருக்கிகளில் பின்னணி இசை அதை விழுங்கிவிடுகிறது. டால்பி டிஜிட்டல் 5.1 முறையில் ஆறு தடங்கள். வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் வரும். அதன் ஒலியளவை மட்டும் தனியே கூட்டலாம்.

ஆனால், தமிழில் டிடிஎஸ் ஒலி 1996-இல் கருப்பு ரோஜாவுடன் வந்தது. அம்மா விரும்புவதோ அதற்கும் முப்பதாண்டு முந்தைய படங்களை. அவை ஒற்றைத் தடப் பதிவுகள். இரு தடங்களை ஐந்தாக்கும் டால்பி புரோ லாஜிக் 2, இரண்டிலும் பொதுவாக இருப்பதை நடுவுக்கு அனுப்பும். ஒற்றைத் தடத்தில் எல்லாமே பொது. ஆகவே வசனத்தோடு இசையும் நடுவிலேயே வந்து நிற்கும்.

இதை அறிந்த பின்னும் வாங்கும் எண்ணத்தைக் கைவிடவில்லை. புதிய படங்களைக் கருவி பார்த்துக்கொள்ளட்டும். பழைய படங்களின்போது "என்னடா சொல்றான்?" என்று அம்மா கேட்பார். வழக்கம்போல் அருகிலமர்ந்து நானே சொல்வேன்.