ஆறு மணி வகுப்புக்கு முன்னால்

சர்வீஸ் கடையிலிருந்து லேப்டாப் மதியம்தான் வீட்டுக்கு வந்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தால் வைஃபை இல்லை. ஆறு மணிக்கு துபாயிலும் பெங்களூரிலும் ஐந்து பிள்ளைகள் தமிழ் எழுத்து படிக்கக் காத்திருப்பார்கள். தஞ்சாவூரில் 31 வருடம் தமிழ் டீச்சராக இருந்தவர் அவர். கணவரும் போன பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நாள் முழுக்கத் தயாராவார்.

புனேயில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார்.

"கீழே வலது மூலையில விமானப் படம் தெரியுதாம்மா?"

"தெரியுது."

ஏரோபிளேன் மோடு. கீபோர்டின் மேல் வரிசையில் விரல் தவறிப் பட்டாலே ஆன் ஆகிவிடும். அந்தப் பட்டனை அங்கே போய் வைத்த புண்ணியவான் யாரோ! அதை அணைத்ததும் வீட்டு வைஃபையின் பெயர் வந்தது. தொட்டால் பாஸ்வேர்டு கேட்டது.

அங்கேதான் சிக்கல். பாஸ்வேர்டு வைத்தவர் கணவர். போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். போன் அதை ஞாபகம் வைத்திருந்ததால் இத்தனை நாள் தேவைப்படவில்லை. லேப்டாப்தான் புது விண்டோஸோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்திருந்தது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து அடித்தார். ஏற்கவில்லை. அவர் எப்போதோ மாற்றியிருக்கிறார்.

மாடி வீட்டுப் பையன் குண்டூசியோடு இறங்கி வந்தான். "பின்னாடி சின்ன ஓட்டை இருக்கு டீச்சர். குத்திப் பிடிச்சா பழைய பாஸ்வேர்டு வந்துடும்."

போனில் மகள் கத்தினாள். "வேண்டாம்மா! பிராட்பேண்டு கம்பெனி போட்டுக் கொடுத்த செட்டிங்கும் சேர்ந்து அழிஞ்சிடலாம். அப்புறம் ஆள் வந்தாதான் நெட்."

ஹாட்ஸ்பாட் போடலாம் என்றால், வீட்டுக்குள் மொபைல் சிக்னல் ஒரு கோடுதான். மணி 5.40.

"உன் போன்ல வைஃபை வருதில்ல? அதுகிட்டயே கேட்போம்."

காலை கட் பண்ணாமல் செட்டிங்ஸுக்குள் போவதற்கே அவருக்கு நாலு நிமிஷம் ஆனது. வைஃபை, பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரம், ஷேர். கைரேகை கேட்டது. கட்டம் கட்டமாக கியூஆர் கோடு வந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் பாஸ்வேர்டு. எல்லா போனிலும் இப்படி எழுத்தாகக் காட்டாது. அவர் போன் காட்டியது.

ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்: மாத்திரை போட்டாச்சு.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பார். "குறிலா, நெடிலா டீச்சர்? ஒரு மாத்திரையா, ரெண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்பாரே தவிர, நேராக ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. அடிக்கிறேன்."

அடித்தார். தவறு என்றது. மறுபடியும் அடித்தார். தவறு. கட்டத்தின் ஓரத்தில் இருந்த கண் படத்தை அழுத்தச் சொன்னாள் மகள். கறுப்புப் புள்ளிகள் எழுத்துகளாக மாறின. 'மா'வுக்கு அவர் இரண்டு 'ஏ' போட்டிருந்தார். போனில் ஒன்றுதான் இருந்தது.

"நெடிலைக் குறிலாக்கி வெச்சிருக்கார் மனுஷன்" என்றபடி ஒரு 'ஏ'வை அழித்தார். இணைந்துவிட்டது. மணி 5.56.

"மறக்காம ஒரு நோட்டுல எழுதி வைம்மா."

பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதினார், ஒற்றை 'ஏ'வோடு.