காட்டும் ஆசிரியர், பார்க்கும் ஆசிரியர்



"டீச்சர், பரதநாட்டியம் எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறதே, பிள்ளையை வகுப்பில் சேர்க்கத்தான் வேண்டுமா?" என்று மாணவிகள் சிலர் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். பேத்தியின் வகுப்புக்குப் போய்வர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கட்டணம் வேறு. நிறுத்திவிடலாமா என்று மருமகள் யோசித்தாள். ஒரு மாதம் இரண்டையும் கவனித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீடியோவைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே அடவை ஐம்பது முறை போட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. வேகத்தைக் குறைத்து, கால் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். நாம் நேரில் காணாத மேதைகளையும் காட்டும். சத்யஜித் ரே 1976-இல் எடுத்த 'பாலா' ஆவணப்படம் இருப்பதால் பாலசரஸ்வதியின் அபிநயத்தை இன்றைய பிள்ளைகளும் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தப் பாலசரஸ்வதி கற்றது நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையின் எதிரில் நின்று.

அரைமண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். முழங்கால், பாதம் போகும் திசையிலேயே போக வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பிவிட்டு உட்கார்ந்தால் முழங்கால் உள்ளே சாயும். முறுக்கு முழுவதும் மூட்டில் விழும். திரையில் வருபவரைப் போலவே தாழ்ந்து உட்கார வேண்டும் என்று பேத்தி செய்தது அதுதான். அவளுக்குத் தெரியவில்லை; பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. இரவு, "கால் வலிக்குது பாட்டி" என்றாள்.

அடுத்த வகுப்பில் அவள் ஆசிரியை தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். தொடையை மெல்லத் திருப்பி, "இவ்வளவு தாழ வேண்டாம், கொஞ்சம் எழும்பு கண்ணு. போகப் போகத் தானா வரும்" என்றார். அரை நிமிட வேலை. அதற்குத்தான் அந்த பஸ் பயணம் என்று மருமகளிடம் சொன்னேன். வகுப்பு தொடர்கிறது. வீட்டில் மறந்துபோன அடவை நினைவுபடுத்திக்கொள்ள வீடியோவும் இருக்கிறது.

கணக்குப் பாடம் நடத்திய எனக்கு இது புதிதல்ல. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்வரை எல்லோருக்கும் புரிவது போலத்தான் இருக்கும். திரும்பி முகங்களைப் பார்த்தால்தான் யாருக்குப் புரியவில்லை என்று தெரியும். வீடியோ கரும்பலகையைப் போன்றது. அது நமக்குக் காட்டும், நம்மைப் பார்க்காது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் ஆசிரியர் இல்லையென்றால் இணையவழி நேரடி வகுப்பு நல்லதுதான். அங்கே பார்ப்பதற்கு ஒரு கண் இருக்கிறது. ஆனால் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் தட்டுக்கழியும் குழந்தையின் காலும் ஒன்றுசேர்வது கடினம். 2020 ஊரடங்கில் இதைப் பலரும் அனுபவித்திருப்பீர்கள். ஆகவே தாளத்தை உங்கள் வீட்டிலேயே யாராவது போடுங்கள். பிள்ளை ஆடுவதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம்பிடித்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சில நாட்களாவது நேரில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

முழங்கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும், "ஆட ஆடச் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.