நிறுத்தும் வரிசை

எங்கள் வீட்டு பேஸ்மென்ட் படிக்கட்டின் தலைமாட்டில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறது. மாசசூசெட்ஸில், வூஸ்டர் பக்கம், 1950களில் கட்டிய வீடு. 2019 அக்டோபரில் வாங்கிய புதிதில் அதை விளக்கு ஸ்விட்ச் என்று நினைத்து அணைத்தேன். விளக்கு அணையவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலை வீடு சில்லிட்டுக் கிடந்தது. பதறிப்போய் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். அவர் ஒரு படிகூட இறங்காமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டு பில்லை நீட்டினார். கீழே தீப்பிடித்தால் இறங்காமலேயே பர்னரை நிறுத்துவதற்காக வைத்த ஸ்விட்ச் அது.

இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் படித்தவன். லங்காஷயர் பாய்லர், காக்ரன் பாய்லர், பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் என்று பதினாறு மார்க் கேள்விக்குப் பென்சிலால் படம் போட்டு பாகம் குறித்திருக்கிறேன். நான்காம் ஆண்டில் ஒரு மென்பொருள் நிறுவனம் வந்து எங்களைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனதோடு அந்தப் பென்சிலின் வேலை முடிந்தது. அப்பா இதற்கு நேர் எதிர். படம் போடத் தெரியாது. ஈரோட்டுப் பக்கம் ஒரு சாய ஆலையில் இருபத்தாறு வருடம் பாய்லர் ஓட்டினார். "ஓட்டினேன்" என்றுதான் சொல்வார், பஸ் ஓட்டியதைப்போல. 1923ஆம் வருடத்து பாய்லர் சட்டத்தின்கீழ் வாங்கிய இரண்டாம் வகுப்பு அட்டென்டன்ட் சான்றிதழ் எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. ஆனால் என்னை ஒரு தடவைகூட பாய்லர் ரூமுக்குள் விட்டதில்லை. வாசலில் நின்று கேரியரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். "நீ ஏசி ரூம்ல உக்காந்து வேல பாக்கோணும் கண்ணு."

அமெரிக்காவின் வடகிழக்கில் இன்னும் நிறைய வீடுகள் எண்ணெய் எரித்துத்தான் குளிர்காலத்தைத் தள்ளுகின்றன. பேஸ்மென்ட் மூலையில் 275 கேலன் டேங்க். அதிலிருக்கும் எண்ணெய் கிட்டத்தட்ட டீசல்தான். சாலை வரி கட்டாத எண்ணெய் என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். பம்ப் அதை அழுத்தி ஒரு சிறிய நாசில் வழியே புகையாகப் பீய்ச்சும். இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே பத்தாயிரம் வோல்ட் பொறி தாவி அதைப் பற்றவைக்கும். சுற்றியுள்ள வார்ப்பிரும்பில் தண்ணீர் சூடாகி அறை அறையாகச் சுற்றிவரும். தீ பிடித்ததா என்று பார்க்க ஒரு கண் உண்டு. கேட்மியம் சல்ஃபைடு பூசிய சின்ன வில்லை அது. எங்களுடையது பழைய மாடல். 45 விநாடிக்குள் கண்ணுக்கு வெளிச்சம் தெரியாவிட்டால் பர்னர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பிறகு யாராவது சிவப்பு பட்டனை அமுக்கினால்தான் உண்டு.

2020 ஜனவரியில் ஒரு இரவு இரண்டு மணிக்கு அது பூட்டிக்கொண்டது. மகளுக்கு அப்போது ஏழு மாதம். கீழே போய் ரீசெட்டை அமுக்கினேன். பம்ப் உறுமியது, 45 விநாடி ஓடியது, நின்றது. மறுபடியும் அமுக்கினேன். சர்வர் படுத்தால் என்ன செய்வோம்? ரீஸ்டார்ட். எழாவிட்டால் இன்னொரு ரீஸ்டார்ட். பத்து வருடமாக எனக்குச் சோறு போட்ட பழக்கம் அது. ஐந்தாவது தடவை அமுக்கியதும் அறைக்குள் யாரோ கதவை எட்டி உதைத்ததுபோல ஒரு சத்தம். புகைக்குழாயின் ஒரு இணைப்பு தெறித்துக் கழன்றது. கரி பொங்கிப் படிக்கட்டுவரை வந்தது. மேலே ஓடி சிவப்பு ஸ்விட்சை அணைத்தேன். அதன் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இருமல் அடங்கியதும் அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் பன்னிரண்டரை. வீடியோவில் என் கரிபடிந்த முகத்தைப் பார்த்ததும், குழந்தை பத்திரமா என்று கேட்டார். அடுத்ததாக:

"எத்தன தடவ அமுக்குன?"

"அஞ்சு தடவைங்கப்பா."

"ஒலைக்குள்ள எண்ணெய ஊத்தி ஊத்தி வெச்சுட்டு அப்பறமா நெருப்பக் காட்டியிருக்கற."

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் நாசில் மணிக்கு 0.85 கேலன் பீய்ச்சும். 45 விநாடிக்கு ஏறக்குறைய 40 மில்லி. நான்கு தோல்விக்கும் சேர்த்து 160 மில்லி, அதாவது ஒரு டம்ளர் காப்பி அளவு எரியாத எண்ணெய் சூடான உலைக்குள் ஆவியாகக் காத்திருந்திருக்கிறது. ஐந்தாவது பொறி அதற்கு விழுந்தது. அப்பாவின் ஆலையில் தீ அணைந்தால் முதலில் ஃபேனைப் போட்டு உலைக்குள் இருப்பதை வெளியே தள்ளுவார்கள். அதற்கப்புறம்தான் பர்னர் பக்கமே போவார்கள். வீட்டு பாய்லருக்கு அவர் சொன்னது இன்னும் சுருக்கம்: ஒரு தடவை அமுக்கு, பிடிக்கலியா, ஆளக் கூப்பிடு. பின்னாளில் எங்கள் சர்வீஸ்காரரும் இதையே ஆங்கிலத்தில் சொன்னார், கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்து.

*

2022 கோடையில் அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் வந்து தங்கினார்கள். அம்மா பேத்தியோடு இருந்தார். அப்பா பெரும்பாலும் பேஸ்மென்ட்டில். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து தினத்தந்தியை போனில் படிப்பார். நயாகரா கூட்டிப்போனேன், நல்லாருக்கு என்றார். பாய்லரின் வருடாந்திர சர்வீஸ் நடந்த அன்றுதான் அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

சர்வீஸ்காரர் நாசிலையும் ஃபில்டரையும் மாற்றி, கரியைப் பிரஷ் போட்டு உறிஞ்சி எடுத்து, எலெக்ட்ரோடு இடைவெளியை அளந்தார். கடைசியில் புகைக்குழாயில் ஒரு கைப்பம்பைச் செருகிப் பத்து தடவை இழுத்தார். உள்ளேயிருந்த வெள்ளைத் தாளில் புகை எவ்வளவு கறை விட்டது என்று ஓர் அட்டையோடு ஒப்பிடுவார்கள், பூஜ்யம் முதல் ஒன்பதுவரை. தாள் சுத்தமாக இருந்தது. அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். அவருக்கு ஆங்கிலம் வராது. அந்த ஆளுக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரியாது. ஒரு மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது டேங்க் அடியிலிருக்கும் எண்ணெய் வால்வு. பக்கத்தில் தீப்பிடித்தால் அதன் பிடியிலுள்ள உலோகம் உருகிவிடும், ஸ்பிரிங் வால்வைத் தானாக மூடிவிடும். "ஆளே வேண்டாங்குது பாரு" என்று அதை இரண்டு மூன்று தடவை எனக்குக் காட்டினார்.

எங்களுக்கு வெந்நீருக்குத் தனி கரண்ட் ஹீட்டர் இருப்பதால் கோடையில் பாய்லரை நிறுத்திவைக்கலாம். (நிறுத்தினால் வியர்த்துத் துருப்பிடிக்கும் என்று ஒரு கட்சி இங்கே உண்டு. ஈரமான பேஸ்மென்ட்டில் அது உண்மைதான்.) அந்தச் சாக்கில் அப்பா மாஸ்கிங் டேப்பில் மார்க்கரால் தமிழில் எழுதி ஒவ்வொரு இடமாக ஒட்டினார். சிவப்பு ஸ்விட்சில் "1. முதலில் இது". எண்ணெய் வால்வில் "2. எண்ணெய்". தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயில் "3. மெயின்". பாய்லர் அடியில் "4. வடிகால் — ஆறியபின் மட்டும்". மேலே பிரஷர் கேஜுக்குக் கீழே, எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக: "5. தண்ணி பாக்காம நெருப்பு வெக்காதே".

நிறுத்துவதற்கு வரிசை எதற்கு என்று கேட்டேன். சூட்டோடு வடித்தால் வெந்துபோவாய் என்றார். காய்ந்த சூடான இரும்பில் பச்சைத்தண்ணீர் விட்டால் விரிசல் விடும், இல்லாவிட்டால் ஆவி வெடிக்கும். ஷிஃப்டு மாறி உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைத்தான், கூட வேலை பார்ப்பவருக்கு வணக்கம் சொல்வதுகூட அதற்குப் பிறகுதான்.

*

போன ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தார். அப்பாவுக்கு இரண்டாவது ஸ்ட்ரோக். சனிக்கிழமை இரவு பாஸ்டனிலிருந்து விமானம், மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டேன்.

வழக்கமாகக் குளிர்காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் பாய்லரை நிறுத்த மாட்டார்கள். தெர்மோஸ்டாட்டை 55 ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த வாரம் எங்களுடையது இரண்டு தடவை பூட்டிக்கொண்டிருந்தது. சர்வீஸ்காரர் திங்கள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆளில்லாத வீட்டில் பாய்லர் நின்றால் குழாய்த் தண்ணீர் உறைந்து, விரிந்து, வெடிக்கும். வரப்போகும் வாரத்துக்கு மைனஸ் 14 செல்சியஸ் என்று போட்டிருந்தது. மொத்தமாக நிறுத்தி வடித்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெர்மோஸ்டாட்டை இறக்கி, ஒன்றாம் சீட்டு. கரண்ட் பெட்டியில் பிரேக்கர். இரண்டாம் சீட்டு. பிறகு நான்கு மணி நேரம் ஆறவிட வேண்டும். விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் நான்கு மணி நேரம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தெரியவில்லை. பெட்டி கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன். பதினொன்றரைக்கு மெயினை மூடி, வடிகாலில் ஹோஸை மாட்டி, காற்று உள்ளே போவதற்காக மேலே ஒவ்வொரு அறையிலும் பிளீடரைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஸ்கூல் பஸ் டிரைவர், தன் ஏர் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கைவாட்டுக் குழாய்களில் தங்கிய தண்ணீரை ஊதித் தள்ளினார். சிங்க், டாய்லெட் எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் ஊற்றினேன். எல்லாவற்றையும் மூடிவிட்டு, சாவியை அவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வால்வையும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கோயம்புத்தூரில் ஐசியூவில் அப்பாவுக்கு நினைவு இருந்தது. வலது பக்கம் வரவில்லை, பேச்சு குழறியது. என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "வூடு?" என்றார்.

"பாய்லர நிறுத்தி, தண்ணிய வடிச்சுட்டுத்தானுங்கப்பா வந்தோம்."

போட்டோக்களைக் காட்டினேன். இடதுகை விரலால் ஒன்றொன்றாகத் தள்ளினார். நான்காவது படத்தில் நிறுத்தினார். எக்ஸ்பான்ஷன் டேங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பிடி. பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் ஃபீடு வால்வு. பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தது. அப்படியிருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம், குறுக்கே நின்றால்தான் மூடியது.

"மெயின மூடிட்டனுங்கப்பா," என்றேன்.

தலையை ஆட்டினார். பழைய மெயின் வால்வுகள் கசியும் என்பதைச் சொல்ல அவருக்கு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டு... நா ஒட்டலியா?"

"இல்லீங்கப்பா."

அது அவரை ரொம்ப வருத்திவிட்டது. தப்பு என்னுடையது என்று எத்தனை தடவை சொல்லியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். போய்ப் பிடியைத் திருப்பிவிட்டு வடிகாலைத் திறந்ததும் பாதி பக்கெட் தண்ணீர் வந்ததாகச் சொன்னார். பேஸ்மென்ட்டில் 4 டிகிரி. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வார்ப்பிரும்பு பிளந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். "எவ்ளோ தண்ணி?" என்று கேட்டார். பாதி பக்கெட் என்றேன். "ம்," என்றார். ஆறு நாள் கழித்துப் போய்விட்டார்.

மார்ச்சில் திரும்பினோம். மனைவியும் மகளும் நண்பர் வீட்டில் தங்க, நான் மட்டும் போனேன். வீட்டுக்குள் மூச்சு புகைந்தது. ஐந்திலிருந்து ஒன்றுக்குத் தலைகீழாகப் போனேன். வடிகால் மூடியிருக்கிறதா என்று பார்த்து, மெயினைத் திறந்து, மஞ்சள் பிடியைத் திருப்பி, தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அறை அறையாகக் காற்றை வெளியேற்ற ஒன்றரை மணி நேரம். கேஜ் 12 பி.எஸ்.ஐ.யில் நின்றது. அதற்குப் பிறகுதான் எண்ணெய். எலெக்ட்ரோடுகளை மாற்றிய சர்வீஸ்காரர் ஸ்விட்சைப் போடப் போனவர், படியில் நின்று சீட்டுகளைக் காட்டி, இது என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். அந்த ஐந்தாவது பெரிய எழுத்து என்ன சொல்கிறது என்றார். அதையும் சொன்னேன். கேஜை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

மறுநாள் மஞ்சள் பிடிக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். "6. ஃபீடு". என் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. தமிழில் எழுதி வெகு நாளாயிற்று.